மல்லிகைக்குப் பால் கிடையாது

1

முதலில் ஒரு திருத்தம். மூன்று வருடங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் என் மல்லிகைச் செடியைப் பற்றி எழுதியிருந்தேன். கண்டியில் அம்மா தன் கையால் வெட்டிக் கொடுத்த கிளை நோர்வேயின் பனியிலும் பூக்கிறது, போன இடத்தில் பிழைக்கப் பழகிவிட்டது, அது இது என்று அரைப் பக்கத்துக்கு அளந்து தள்ளியிருந்தேன். ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும்கூடக் கடிதம் போட்டிருந்தீர்கள். வாசித்து அழுதேன் என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். அந்த டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது மல்லிகையே இல்லை.

பதினொரு வருடம் ஒரு பொய்க்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஊற்றியதோடு விட்டேனா? பதியம் போட்டுப் பதினேழு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். இங்குள்ள தமிழர்கள் என்னை "மல்லிகை அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பதினேழு வீட்டுக்காரருக்கும் இனி எந்த முகத்தோடு சொல்வது?

விஷயம் வெளியே வந்தது அம்மாவின் ஆண்டுத் திவசத்தால். அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். போன மழையில் பின்பக்க மதில் இடிந்து, அம்மாவின் மல்லிகைப் பந்தலையும் அடியோடு பெயர்த்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரரின் கிணற்றடி வரைக்கும் போய்விட்டது. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செடியில் ஒரு குச்சிகூடக் கிடைக்கவில்லை.

அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். மாநகரசபையில் எழுதுவினைஞர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"வசந்தி, மதில் கட்டி முடிச்சாச்சு. மாமி செடி வச்ச எடம் மொட்டையா நிக்குது, பாக்கச் சகிக்கல. தெவசத்துக்கு வர்றப்ப ஒங்கிட்ட இருக்கறதுல ஒரு கன்னு கொண்டு வா. மாமியோட செடி இனி ஒலகத்துலயே ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"கொண்டு வர்றேன் அண்ணி. தலைய அடகு வச்சாவது கொண்டு வர்றேன்," என்றேன்.

எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் அதிகம்.

2

பதினான்கு வருடங்களுக்கு முன் கண்டிக்குப் போய்த் திரும்பும்போது அம்மா அந்தக் கிளையைத் தந்தார். கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி, ஈரத் துணி சுற்றி, அதற்கு மேல் வாழைப்பட்டை கட்டி, அதை என் பட்டுச் சேலைக்குள் வைத்துச் சுருட்டினோம். செடி கொண்டுபோக அனுமதி வேண்டும் என்பது தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஒஸ்லோவில் சுங்க அதிகாரிக்கு முன்னால் நின்றபோது என் மகள் ஆரணி, ஆறு வயது, சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, உங்கட பை ஏன் நனைஞ்சு கிடக்கு?" அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாதது நான் செய்த புண்ணியம்.

ஆரணியின் தமிழ் தகப்பன் வழி. என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். நான் கண்டித் தமிழில் "வாங்க, சாப்பிடுங்க" என்று கத்த, தகப்பனும் மகளும் "ஓம், வாறம்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள். வெளியே பள்ளிக்கூடம், நண்பர்கள், கடை எல்லாம் நோர்வேஜிய மொழி. தமிழ் என்பது அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

செடியைத் தெற்கு ஜன்னலோரம் வைத்தேன். வேர் பிடித்தது. இலை விட்டது. மூன்று வருடம் ஒரு மொட்டு இல்லை. குளிர்காலத்தில் பகல் என்பது ஐந்து மணி நேரம், அதிலும் முக்கால்வாசி மேகம். பூக்காவிட்டாலும் இருக்கட்டும் என்று கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். ஆரணி வீட்டுக்குள் பந்து தட்டினால் அடுப்படியிலிருந்தே கத்துவேன்: "செடியில பட்டுச்சு, தொலைஞ்ச! அது பட்டுப்போற அன்னைக்கே நானும் போயிருவேன், பாத்துக்க!"

நான்காவது கோடையில் பூத்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாய், வீடு முழுக்க வாசனை. அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். ஆனால் அம்மா வீட்டுப் பூவுக்கு ஏழெட்டு இதழ். இதற்கு ஐந்து, அதுவும் ஒவ்வொன்றும் காத்தாடி மாதிரி ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. இலையும் தடித்து மினுங்கியது. எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். குளிர் நாட்டில் பூ மெலிந்துவிட்டது. குளிருக்கு இலை கோட்டுப் போட்டிருக்கிறது. ஒடித்தால் பால் வருகிறதா? இங்குள்ள தண்ணீர் அப்படி.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஒரு மாமி மட்டும் மெதுவாக, "பிள்ளை, இது மல்லிகை மாதிரித் தெரியேல்லை" என்றார். அவரோடு இரண்டு வருடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

3

இந்த முறை சேலைக்குள் சுருட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஐம்பது வயதில் சுங்கத்தில் பிடிபட்டால் அசிங்கம். அண்ணன் அங்கே நடையாய் நடந்து இறக்குமதி அனுமதி எடுத்தார். இங்கே செடிக்கு நோய் இல்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும். படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். மண் எங்கே வாங்கியது, யார் வளர்த்தது, தாவரவியல் பெயர் என்ன. இணையத்தில் தேடி "ஜாஸ்மினம் சம்பாக்" என்று எழுத்துக்கூட்டி எழுதினேன். அம்மாவின் செடிக்குப் பாஸ்போர்ட் எடுக்கிற பெருமை எனக்கு. சிறு சாடியில் ஒரு நல்ல கன்றை எடுத்துக்கொண்டு தாவரப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போனேன்.

பரிசோதகர் முப்பது வயதுகூட இராத இளைஞர். கண்ணாடி வைத்து இலையின் அடிப்பக்கம் பார்த்தார். வேர் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார்.

"நோய் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இந்தச் செடி இல்லையே," என்றார்.

"எந்தச் செடி இல்லை?"

அவர் ஓர் இலையைக் காம்போடு கிள்ளினார். வெள்ளையாகப் பால் துளிர்த்தது. விரலில் தொட்டுக் காட்டினார்.

"மல்லிகைக்குப் பால் கிடையாது. இது கடைகளில் நட்சத்திர மல்லிகை என்று விற்பது. பெயர் மட்டும்தான் மல்லிகை, குடும்பமே வேறு."

"இது இலங்கையிலிருந்து வந்தது. என் அம்மா வெட்டித் தந்தது."

"இருக்கலாம்," என்று மரியாதையாகச் சொன்னார். "ஆனால் இது சீனாவுக்கும் யப்பானுக்கும் சொந்தமானது. பெயரைத் திருத்தினால் நாளைக்கே சான்றிதழ் தரலாம்."

எனக்கு வந்த கோபத்தில் நோர்வேஜிய மொழி மறந்துவிட்டது. தமிழிலேயே நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மீசை முளைக்காத பையன், மல்லிகை எது என்று எனக்குச் சொல்லித் தருகிறானாம்! கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். கண்டியில் அது மாலை நேரம், அவர் வேலை முடிந்து வந்திருந்தார். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார்.

"இத ஏன்டி எனக்கு அனுப்புற? இது நந்தியாவட்ட சாதி. கிள்ளுனா பால் வருமே?"

"வருது."

"அப்பறம் என்ன? கோயில் வாசல்ல பூக்கட்டுறவங்ககிட்ட கேளு, சின்னப் பிள்ளகூடச் சொல்லும். மாமி செடி எங்க?"

தொலைபேசியை வைத்துவிட்டுச் சாடியோடு நேரே வீட்டுக்குக் காரை விட்டேன்.

4

வீட்டுக்காரர் மேசையில் உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சாடியை அவர் முன்னால் வைத்தேன். ஓர் இலையைக் கிள்ளினேன். பாலைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். அந்தக் கத்தியை வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப மாத்தினீங்க?"

"பதினொரு வருசம் இருக்கும்," என்றார். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் சொல்லிவிடுவார். நான்தான் கேட்கவில்லை.

"நீர் பாஷைச் சோதினைக்குப் போன கிழமை," என்று தொடங்கினார். எனக்கு நினைவிருக்கிறது. குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை. பெரிய ஊரில் மூன்று நாள் தங்கி எழுதினேன். பெப்ரவரி மாதம். "கண்டியில இருந்து மாமி கோல் எடுத்தவா. பிள்ளைதான் கதைச்சவள். செடி இன்னும் பூக்கேல்லையோ எண்டு மாமி கேட்டவா. இருட்டுக்குள்ள வச்சா எப்படிப் பூக்கும், நல்லா வெயில் காட்டச் சொல்லி உங்கம்மாவுக்குச் சொல்லு எண்டவா. அடுத்த நாள் விடிய நல்ல வெயில். பிள்ளை சாடியத் தூக்கி வெளிப் பல்கனியில வச்சுப்போட்டுப் பள்ளிக்கூடம் போட்டாள்."

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்டியில் வெயில் என்றால் சூடு. இங்கே குளிர்காலத்தில் மேகம் மூடியிருந்தால்தான் கொஞ்சமாவது தாங்கும். வானம் துடைத்த மாதிரி நீலமாக இருந்து வெயில் பளிச்சென்று அடித்தால் அன்றைக்குத்தான் உறைந்து சாகிற குளிர். அன்றைக்கு மைனஸ் பதினெட்டாம். அம்மா சொன்னது கண்டி வெயிலை. ஆரணி செய்தது அம்மா சொன்னபடிதான்.

"பின்னேரம் வந்து பாக்க, இலையெல்லாம் கறுத்து அவிச்ச கீரை மாதிரித் தொங்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? பிள்ளைய அடிச்சுக் கொன்னா போட்டுருவேன்?"

"நான் சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். பிள்ளை விடேல்லையப்பா. அழுது அழுது வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தவள். அம்மா செத்துப்போவா, அம்மா செத்துப்போவா எண்டு ஒரே சொல்லுத்தான்."

"நான் எதுக்குச் சாகணும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர்தானே சொன்னனீர்."

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி ஒரு பெரிய பூங்கன்றுக் கடைக்குப் போனார்களாம். "யஸ்மின்" என்று அட்டை குத்தியிருந்த சாடிகளில் ஒவ்வொன்றாக ஆரணிதான் பார்த்து, பழைய செடியின் உயரத்துக்குச் சரியாக ஒன்றை எடுத்தாளாம். காசு கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றபடி தகப்பனைக் கேட்டாளாம்: "அப்பா, இது காணுமோ? அம்மா சாகமாட்டாவோ?"

"காணும், இது போதும் எண்டு சொன்னனான்," என்றார் அவர். சொல்லிவிட்டு வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

5

அன்றைக்கே அண்ணியைக் கூப்பிட்டு, அம்மாவின் செடி இல்லை, எப்போதோ செத்துவிட்டது என்று ஓவென்று அழுதேன். என் அதிர்ச்சியில் எனக்குச் செடிதான் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளை பயந்து செடியை மாற்றிய கதை முழுவதையும் அண்ணி கேட்டார்.

"பிள்ளைக்கு அப்ப எத்தன வயசு?"

"ஒம்பது."

"ஒம்பது வயசுப் பிள்ள இத்தன வருசமா இத நெஞ்சுல வச்சுக்கிட்டு இருந்திருக்கு. நீ செடிக்கா அழுவுற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வசந்தி, மாமி ஒரு நாளைக்கு மூணு தடவ செத்தாங்க. பால் பொங்குனா செத்தாங்க, கரண்ட் போனா செத்தாங்க, ஒங்கண்ணன் பஸ்ஸத் தவறவிட்டா செத்தாங்க. நாங்க யாராவது திரும்பிப் பாத்தமா? அது சும்மான்னு தெருவுக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கு அங்க யாரு சொல்லுவா? அது ஒன் ஒரு வாயத்தானே கேட்டு வளந்துச்சு?"

தொலைபேசியை வைத்த பிறகு அலுமாரியில் பழைய கோப்புகளை இழுத்துப்போட்டேன். இந்த நாட்டில் எதையும் எறிய முடியாது, என்றைக்கு எந்தக் கடிதம் கேட்பார்கள் என்று தெரியாது. அந்தக் குளிர்காலத்துப் பள்ளிக்கூடக் கடிதங்கள் அத்தனையும் இருந்தன. ஆரணி வகுப்புக்கு வர மறுக்கிறாள். ஆரணி இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கக் கேட்கிறாள், காரணம் சொல்லவில்லை. பெற்றோரைச் சந்திக்க விரும்புகிறோம், மொழிபெயர்ப்பாளர் தேவையா? அப்போது நாங்கள் என்னவெல்லாமோ நினைத்தோம். புது வகுப்பு, நிறத்தைச் சொல்லிக் கேலி, கண்ணூறு. நாலு மணி நேரம் பயணம் செய்து ஒஸ்லோ கோயிலில் கயிறுகூடக் கட்டினோம்.

அந்த நாட்களில் காலையில் நான் கண் விழிக்கும்போது அவள் கட்டிலோரம் நிற்பாள். என் மூக்குக்குக் கீழே ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். "காலங்காத்தால என்ன குரங்குச் சேட்ட, போய்ப் பல்லு வெளக்கு!" என்று விரட்டியிருக்கிறேன்.

கடிதங்களோடு ஒரு கேள்விப் படிவமும் இருந்தது. ஒன்பதாவது கேள்வி: வீட்டில் பிள்ளை எதற்காவது பயப்படுகிறதா? நான் "இல்லை" என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டிருந்தேன். நம்மைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்கள் என்ற ரோஷத்தில் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.

ஆரணிக்கு இப்போது இருபது வயது. வேறு ஊரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், பத்து நிமிடம் தாண்டாது. பொங்கலுக்கு வரமாட்டாள், சங்க விழாவுக்கு வரமாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்து நான் செடியைக் காட்டத் தொடங்கினால் எழுந்து அறைக்குப் போய்விடுவாள். நம்முடைய எதுவும் இந்தப் பிள்ளைக்குப் பிடிப்பதில்லை, வெள்ளைக்காரியாகிவிட்டாள் என்று எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்! இந்தப் பக்கத்திலேயே எழுதியும் இருக்கிறேன், கடவுளே.

அவளைக் கூப்பிட்டுச் செடி விஷயம் தெரியும் என்றேன்.

"அப்பா சொன்னவரோ?"

"நான்தான் கேட்டேன்."

"கோவமோ அம்மா?"

இருபது வயதுப் பெண் இதைக் கேட்கிறாள். இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. மன்னிச்சுக்கோ என்றேன். "பரவாயில்லை, பழசு" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "திவசத்துக்கு நானும் வாறன்" என்றாள்.

6

எட்டு வருடத்துக்குப் பிறகு ஆரணி கண்டிக்கு வந்தாள். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்னால், வீதியோரம் பூங்கன்று விற்கும் ஒரு கடையில் வேனை நிறுத்தினோம். சிங்கள அம்மா ஒருவர். மல்லிகையை "பிச்ச" என்று சொல்லி நாலைந்து கன்றுகளை எடுத்து வைத்தார். ஆரணி குனிந்து ஓர் இலையைக் காம்போடு கிள்ளி, கிள்ளிய இடத்தையே பார்த்தாள். காய்ந்த பச்சை, ஒரு துளி பால் இல்லை. அடுத்த கன்றையும் கிள்ளினாள். நாலையும் கிள்ளிய பிறகுதான் ஒன்றைத் தூக்கினாள். கடைக்கார அம்மா முகம் சுளித்தார். நான் காசைக் கொடுத்தேன்.

திவசத்தன்று காலையில் புது மதிலோரம் அவளும் நானும் குழி தோண்டினோம். கட்டுமானக்காரர் கொட்டிப் போன கல்லும் சீமெந்துக் கட்டியும் கையில் தட்டின. கன்றை இறக்கி மண்ணை அணைத்தோம். இது அம்மா வெட்டித் தந்த செடி இல்லை. அது இனி எங்கும் இல்லை.

"இது பட்டுப்போனா?" என்று கேட்டாள் ஆரணி, என்னைப் பார்க்காமல்.

"பட்டுப்போனா இன்னொண்ணு வைப்போம். கடையில வரிசையா இருந்துச்சே, பாத்ததானே?"

"ஓம்," என்றாள். முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். விமானத்தில் ஏறியதிலிருந்து 'இன்னொண்ணு வைப்போம்' என்ற இந்தப் பதிலைத்தான் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒழுங்காகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

உள்ளே அடுப்படியில் அண்ணி தனியாளாகச் சமையலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஐயர் வரும் நேரம். பாயசத்துக்கு வைத்த பால் சத்தம் போட்டது.

"ஐயோ, பால் பொங்கப் போகுதே! யாராவது வாங்களேன், இன்னைக்கு நான் செத்தேன்!"

அண்ணன் முன்வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன், கை நிற்கவில்லை. ஆரணி மட்டும் எழுந்துவிட்டாள். செருப்பை விட்டுவிட்டு, மண் கையோடு, புதுப் பாவாடை படியில் மிதிபட ஓடினாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது அடுப்பை அணைத்திருந்தாள். பால் பொங்கவில்லை. அண்ணி அகப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றார். ஆரணி சிரிக்கவில்லை, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.